மாமாவின் குரல் மூன்று மாதமாகக் கம்மிவிட்டது, கழுத்தில் பழைய தைராய்டு கட்டி, நரம்பை அழுத்துகிறது என்கிறார்கள்

பொருநைக்கரை | 17 ஜனவரி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாகத்தான் கேட்கிறேன், ஆனால் முழுக்கதையையும் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

எங்கள் தாய்மாமாவுக்கு 58 வயது. ஊர் கல்லிடைக்குறிச்சி பக்கம். முப்பத்தைந்து வருடமாக வில்லுப்பாட்டுப் பாடுகிறவர், குழுவில் முதல் பாட்டுக்காரரான அண்ணாவி அவர்தான். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா என்றால் ராத்திரி வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து விடிய விடியக் கதை சொல்லிப் பாடிவிட்டு, காலையில் பஸ் ஏறி அடுத்த ஊர்க் கொடைக்குப் போகிற தொண்டை அது. கழுத்தின் முன்பக்கம், இடதுபுறம், எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி இருபது வருடமாக இருக்கிறது. வலி கிடையாது. "அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்பார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

ஐப்பசியில் குரல் கம்மியது. கொடைக்காலம் முழுக்கப் பாடிய களைப்பு என்று நினைத்தோம். பனங்கற்கண்டு, சித்தரத்தை, மிளகுக் கஷாயம் எல்லாம் ஆயிற்று. ஒரு மருத்துவரிடம் மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் தொண்டைப் புண்ணுக்கு மாத்திரை கொடுத்தார், கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. கார்த்திகை கடைசியில் ஒரு அடியைப் பாட இரண்டு தடவை மூச்சு இழுக்க ஆரம்பித்தார். குரலோடு காற்றும் சேர்ந்து வெளியே போகிறது. மார்கழியில் தண்ணீர் குடித்தால் புரையேறியது. அதற்குப் பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மூக்கு வழியாக கேமரா விட்டுப் பார்த்தார். இடது குரல்நாண் அசையவே இல்லையாம். "தைராய்டு கட்டி நரம்பை அழுத்துது" என்று சொல்லி, ஸ்கேனும் ஊசி வைத்து எடுக்கும் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு வர ஒரு வாரம் ஆகும்.

வீட்டில் அத்தை, நரம்பு என்றால் எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும், நல்ல கைராசிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்கிறார். நாளைக்கே போக நிற்கிறார்கள். போகலாமா? இது புற்றுநோயாகத்தான் இருக்குமா? குரல் திரும்பி வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளைச் செவிலி | 17 ஜனவரி, இரவு 10:05

தம்பி, நீவக் கூடாது. கழுத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். அத்தையிடம் இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுங்கள். மற்றதைக் காலையில் விரிவாக எழுதுகிறேன்.

இன்னொன்று. மாமா அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறவரா? நம்மூரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் குடிப்போம். இன்றிலிருந்து வேண்டாம். தம்ளரில் வாய் வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லுங்கள்.

பாளைச் செவிலி | 18 ஜனவரி, காலை 6:50

அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை வார்டிலும் அறுவை அரங்கிலும் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை. பார்த்ததையும் அங்கே கற்றதையும் சொல்கிறேன்.

நாம் "நரம்பு" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று பொருளை அடைத்து வைத்திருக்கிறோம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கலை" என்கிறோமே, அது இரத்தக்குழாய். கால் பிசகினால் "நரம்பு சுருட்டிக்கிட்டு" என்கிறோம், அது தசையும் தசைநாணும். மாமாவுக்குப் பாதித்திருப்பது மூன்றாவது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்பு, நூல் கனம்தான் இருக்கும். நீவி நேராக்குகிற பொருள் இல்லை அது. "நரம்பு" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. எந்த நரம்பு என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இந்த நரம்பின் பாதையைக் கேளுங்கள். மூளையிலிருந்து இறங்குகிற பத்தாவது நரம்பின் கிளை இது. குரல்வளை கழுத்தில்தானே இருக்கிறது, நேராக அங்கே போயிருக்கலாம். போகாது. இடதுபுறத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறும். அம்பையிலிருந்து பாபநாசம் போக வேண்டியவர் திருநெல்வேலி ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வருவது மாதிரி. வலதுபுற நரம்பு அவ்வளவு தூரம் போகாது, கைக்குப் போகும் தமனியைச் சுற்றிக்கொண்டு கழுத்தடியிலேயே திரும்பிவிடும். திரும்பி வரும் குரல்வளை நரம்பு என்றே இதற்குப் பெயர்.

ஏறி வரும்போது மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், தைராய்டு சுரப்பியின் முதுகை ஒட்டியே வருகிறது. சுரப்பி முன்பக்கம் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும், நரம்புக்கு ஒன்றும் ஆகாது. பின்பக்கம் வீங்கினால் நரம்பு நசுங்கும், அல்லது கட்டியின் மேல் இழுபட்டு விறைத்து நிற்கும். புற்றுநோய் என்றால் நசுக்குவதோடு நிற்காமல் நரம்புக்குள்ளேயே நுழைந்துவிடவும் கூடும்.

குரல்நாண் இரண்டு. பேசும்போது இரண்டும் கதவு மாதிரி வந்து சேர வேண்டும். ஒன்று வரவில்லை என்றால் இடைவெளியில் காற்று ஓடிவிடும். அதனால்தான் மாமாவுக்கு மூச்சு போதவில்லை. விழுங்கும்போது அதே கதவுதான் மூச்சுக்குழாயை மூடுகிறது. பாதிக் கதவு திறந்து கிடப்பதால் தண்ணீர் உள்ளே போய்ப் புரையேறுகிறது. கெட்டியான சோறு இறங்கிவிடும், தண்ணீரும் ரசமும்தான் தகராறு செய்யும்.

புற்றுநோயா என்று கேட்டீர்கள். கழுத்தில் கட்டி, அதே பக்கத்துக் குரல்நாண் அசையவில்லை என்றால், எந்த மருத்துவரும் முதலில் அதைத்தான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். ஆனால் அதுவே முடிவு இல்லை. சாதாரணக் கட்டியும் பெரிதானால் அழுத்தலாம். கட்டிக்குள் திடீரென்று இரத்தம் கசிந்து ஒரே நாளில் வீங்கி அழுத்தியதையும் பார்த்திருக்கிறேன். அப்படி வெறும் அழுத்தம்தான் என்றால், கட்டியை எடுத்த பிறகு பலருக்குக் குரல் திரும்பிவிடுகிறது. நாள் கடத்தாமல் எடுத்தால்தான்.

இன்னொன்றும் மருத்துவரிடம் கேளுங்கள். இடது நரம்பு நெஞ்சு வரை போய் வருவதால், நெஞ்சுக்குள் இருக்கும் வேறு எதுவும் அதை அழுத்தலாம். காசநோய் நெறிக்கட்டி, நுரையீரல் கட்டி, தமனி வீக்கம் எல்லாம் உண்டு. கழுத்துக் கட்டி கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அதன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

மூச்சு இழுக்கும்போது 'கர்ர்' என்றோ விசில் மாதிரியோ சத்தம் வந்தால் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சுக்குழாய் நெருக்கப்படுகிறது என்று அர்த்தம்.

வள்ளியூர் வாத்தியார் | 18 ஜனவரி, காலை 11:20

செவிலியம்மா சொன்னதோடு என் வீட்டுக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு இரண்டு பக்கமும் தைராய்டு வீங்கியிருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் முழுச் சுரப்பியையும் எடுத்தார்கள். பேர் சொல்ல விரும்பவில்லை. அறுவைக்கு முன் குரல்நாணை கேமராவில் யாரும் பார்க்கவில்லை. குரல் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்றார்கள். மயக்கம் தெளிந்து குழாயை எடுத்ததும் மூச்சு விட முடியவில்லை. என் கண் முன்னால் உதடு நீலமானது. கழுத்தில் துளை போட்டுத்தான் பிழைக்க வைத்தார்கள். ஐந்து மாதம் அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு. முப்பது வருடம் வகுப்பறையில் கணீரென்று பாடம் நடத்தியவள், சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

பிற்பாடு வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவர் சொன்னார்: ஒரு பக்கத்து நரம்பு அறுவைக்கு முன்பே கட்டியால் செயலிழந்திருக்கலாம், மறுபக்கத்தது அறுவையில் அடிபட்டிருக்கும், இரண்டும் நின்றதும் வாசல் அடைத்துக்கொண்டது என்று. முன்பே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

தம்பி, உங்கள் மாமாவுக்கு வலது நாண் நன்றாக அசைகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் அறுவையையே தள்ளிப் போட்டு, வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன்.

பாளைச் செவிலி | 18 ஜனவரி, பிற்பகல் 3:15

சார், உங்கள் வீட்டம்மா பட்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேமரா விஷயத்தில் உங்கள் சொல் நூற்றுக்கு நூறு. குரல் நன்றாக இருந்தால் நரம்பும் நன்றாக இருக்கிறது என்பது பொய்க் கணக்கு. ஒரு நாண் மெதுவாகச் செயலிழந்தால் மற்ற நாண் நடுக்கோட்டைத் தாண்டி வந்து அதைத் தொட்டுக்கொள்ளப் பழகிவிடும். பேச்சு சாதாரணமாகவே இருக்கும். பாடுகிறவர்களுக்கு மட்டும் மேல் ஸ்தாயி எட்டாது. இந்த மாமா வில்லுப்பாட்டுக்காரர் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்கிறது. வேறு தொழில் செய்கிறவராக இருந்திருந்தால் இன்னும் ஆறு மாதம் போயிருக்கும்.

அறுவையைத் தள்ளிப் போடச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும். நரம்பை அழுத்துகிற கட்டிக்கு மாத்திரை கிடையாது. நல்ல கையில் நடந்தால் நிரந்தரமாக நரம்பு போவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். தற்காலிகமாகக் குரல் கம்முவது அதைவிடக் கூடுதலாக இருக்கும், சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் திரும்பும். எத்தனை தைராய்டு அறுவை செய்திருக்கிறீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள் தம்பி. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பழகிய கைக்கும் எப்போதாவது செய்கிற கைக்கும் வித்தியாசம் உண்டு.

நரம்பைக் கண்டுபிடித்து, கண்ணால் பார்த்துக்கொண்டே அறுக்க வேண்டும் என்பதுதான் இந்த அறுவையின் உயிர். இப்போது நரம்பு வேலை செய்கிறதா என்று சத்தம் எழுப்பிக் காட்டும் கருவியும் வந்திருக்கிறது. உதவிதான், ஆனால் கருவி இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. இந்த நரம்பை வெட்டினால் குரல் போய்விடும் என்பதைச் சுமார் 1,800 வருடத்துக்கு முன்பே காலன் என்ற மருத்துவர் பன்றியில் செய்து காட்டியிருக்கிறார். தைராய்டு அறுவை என்றாலே சாவு என்றிருந்த காலத்தை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் கோகர், அதற்காக 1909-இல் நோபல் பரிசு வாங்கினார். எங்களுக்கு வகுப்பெடுத்த பேராசிரியர் இதை ஒவ்வொரு வருடமும் சொல்வார், அதனால் மறக்கவில்லை.

கடையம் மேற்கு | 18 ஜனவரி, இரவு 8:30

எங்கள் ஆச்சிக்கு நடந்தது. 71 வயது. கழுத்தில் முப்பது வருடக் கழலை. திடீரென்று ஒரு மாசி மாதத்தில் வாரத்துக்கு வாரம் பெரிதானது. கல் மாதிரி கெட்டி. அப்புறம் வலது கண் இமை தொங்கியது. பங்குனி வெயிலில் முகத்தின் இடது பாதி வேர்த்து வழியும், வலது பாதி காய்ந்து கிடக்கும். பக்கவாதம் என்று நினைத்து அதற்கான மருத்துவம் பார்த்தோம். கை கால் நன்றாகத்தான் இருந்தது. கண்மணியும் அந்தப் பக்கம் சின்னதாக இருந்ததைப் பிற்பாடு ஒரு இளம் மருத்துவர்தான் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். கழுத்தில் ஓடும் வேறொரு நரம்புச் சங்கிலியைக் கட்டி அழுத்தினால் இப்படி ஆகுமாம்.

அனாபிளாஸ்டிக் என்ற வகைத் தைராய்டு புற்றுநோய். கண்டுபிடித்து நான்கு மாதம் இருந்தார்கள். கடைசிவரை நினைவோடு இருந்தார்கள்.

பழைய கட்டிதானே என்று யாரும் இருக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பொருநைக்கரை | 18 ஜனவரி, இரவு 10:10

அக்கா, சார், எல்லோருக்கும் நன்றி. அத்தைக்கு நரம்பு விஷயத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். "அப்ப இது ஊசி போடுத நரம்பு இல்லையா" என்று கேட்டுவிட்டு எண்ணெயை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். தண்ணீர் தாடை தாழ்த்திக் குடித்ததில் இன்றைக்கு ஒரு தடவைதான் புரையேறியது.

கடையம் அண்ணாச்சி, உங்கள் ஆச்சியைப் பற்றிப் படித்ததும் மாமாவின் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ராதாபுரம் வட்டம் | 19 ஜனவரி, காலை 7:45

எல்லோரும் நரம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், காரணத்தைப் பேச மாட்டேன் என்கிறீர்கள். எங்கள் பக்கம் இரண்டு மூன்று பேருக்குத் தைராய்டு புற்றுநோய். கூடங்குளம் இருக்கும்போது வேறு எங்கே காரணம் தேடுவது? கதிர்வீச்சு தைராய்டைத்தான் முதலில் தாக்கும் என்பது உலகத்துக்கே தெரியும்.

உப்பளத்தான் | 19 ஜனவரி, காலை 10:30

அண்ணாச்சி, உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்தில் நடந்தது உண்மை. கதிர் அயோடின் புல்லில் படிந்து, பசு தின்று, பாலாகி, குழந்தைகள் குடித்து, பிற்பாடு அந்தக் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் கூடியது. தைராய்டு அயோடினைத் தேடித் தேடி இழுக்கிற சுரப்பி, அதனால் அப்படி ஆயிற்று. ஆனால் இந்த மாமாவின் கட்டிக்கு இருபது வயது. கூடங்குளம் முதல் உலை இயங்கத் தொடங்கியதே 2013-இல்தான். இவர் கட்டிக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

எண்ணிக்கை கூடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்கேன் கூடினால் கண்டுபிடிப்பும் கூடும். தென்கொரியாவில் பரவலாகக் கழுத்து ஸ்கேன் பார்க்கத் தொடங்கிய பிறகு, 1993-இல் இருந்ததைவிட 2011-இல் 15 மடங்கு தைராய்டு புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். இறந்தவர் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பதை முறையாகக் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

எனக்குத் தெரிந்த காரணம் உப்பு. நாங்கள் மூன்று தலைமுறையாகத் தூத்துக்குடி உப்பளத்தில் இருக்கிறோம். நாடு முழுக்க உப்பு அனுப்புகிற சீமை இது, ஆனால் நம் வீடுகளில் பானையில் கிடப்பது பாத்தியிலிருந்து அப்படியே வந்த கல் உப்பு. கடல் உப்புதானே, அயோடின் இல்லாமலா இருக்கும் என்று நினைக்கிறோம். காய்ந்து வரும்போது அதில் மிஞ்சுவது கொஞ்சமே கொஞ்சம். வீட்டுக்கு வரும் உப்பில் 15 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 15 பங்கு, அயோடினாவது இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை. அது கிடைக்காத உடம்பில் சுரப்பி வீங்கும், வருடக்கணக்கில் முடிச்சு முடிச்சாகக் கட்டும். அரசு இதற்கென்று 1962-லேயே திட்டம் தொடங்கியது. எங்கள் அம்மாவுக்கும் கழலை இருந்தது. உப்பு விளைவிக்கிற வீட்டில்.

ராதாபுரம் வட்டம் | 19 ஜனவரி, பிற்பகல் 1:05

கணக்கெடுக்கக் கேட்பதில் கூட நிற்கிறேன் என்றீர்களே, அது போதும். மாமா நல்லபடியாக வரட்டும் தம்பி.

முக்கூடல்காரி | 20 ஜனவரி, இரவு 9:15

இதே இழையில் கேட்கலாமா தெரியவில்லை. எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி, இருபத்தெட்டு வருடமாக. இப்போது இரண்டு கையும் மரத்துப் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நூல் சுற்றும்போது பீடி கையிலிருந்து நழுவுகிறது. பீடி சுற்றினால் எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குக் கழுத்திலும் லேசாக வீக்கம் இருக்கிறது, உடம்பும் கனத்துவிட்டது, இந்தத் தை மாதக் குளிரையே தாங்க மாட்டேன் என்கிறார். கழுத்து வீக்கம் கை நரம்பை அழுத்துமா?

பாளைச் செவிலி | 21 ஜனவரி, காலை 7:00

கண்ணு, நீ கேட்டது நல்லதாயிற்று. கழுத்திலிருக்கும் வீக்கம் கைக்குப் போகும் நரம்பை அழுத்துவது மிக அபூர்வம். அம்மாவுக்கு வேறு வழியில் வந்திருக்கும் என்று தோன்றுகிறது. தைராய்டு சுரப்பது குறைந்தால் உடம்பெங்கும் ஒரு கொழகொழப்பான பொருள் படிந்து நீர் கோக்கும். மணிக்கட்டில் ஒரு குறுகிய சந்து இருக்கிறது, ஒன்பது தசைநாணும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே கொஞ்சம் வீங்கினாலும் நரம்புதான் நசுங்கும். பீடி சுற்றும் வேலையும் அதே மணிக்கட்டுக்குத்தான் பாரம். இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

அம்மாவிடம் ஒன்று கேள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறதா? ஆமாம் என்றால் மணிக்கட்டு நரம்புதான். தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனையிலேயே செய்வார்கள். சுரப்பு குறைவு என்று வந்தால் மாத்திரையிலேயே சில மாதத்தில் கை மரப்பும் குறையும். ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டினால் தூக்கம் வரும். கட்டைவிரல் அடியிலிருக்கும் சதை மேடு வற்றிப் பள்ளமாகியிருந்தால் மட்டும் தாமதிக்காதே, நரம்பு வெகுநாளாக நசுங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம், சின்ன அறுவை தேவைப்படலாம்.

பீடிதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. உழைக்கிற பெண்ணின் எந்த வலிக்கும் வேலையையே காரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

பொருநைக்கரை | 26 ஜனவரி, மாலை 5:30

முடிவு வந்துவிட்டது. பாப்பில்லரி வகைப் புற்றுநோய் என்று பலத்த சந்தேகம். மாமாவிடம் மறைக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். சொன்னதும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு "வில்லு போயிருமா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கே போவது என்று வழி சொல்லுங்கள் அக்கா. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது.

பாளைச் செவிலி | 26 ஜனவரி, இரவு 7:40

தைராய்டு புற்றுநோயில் பெரும்பான்மை பாப்பில்லரிதான். மெதுவாக வளர்கிற வகை. நரம்பைப் பிடித்திருப்பதால் சாதாரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மருத்துவத்துக்கு நன்றாகக் கட்டுப்படும். மாமாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். நம் பக்கத்து ஜனங்கள் பலர் நாகர்கோவில் வழியாக ரயிலேறித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் போகிறார்கள், அட்டை அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சென்னை என்றால் அடையாறு புற்றுநோய் நிறுவனம், 1954-லிருந்து இருக்கிறது. எங்கே போனாலும் எல்லாத் தாளையும் ஒரே பையில் வையுங்கள். கேமராவில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும்.

நரம்பை என்ன செய்வீர்கள் என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் நரம்பு என்றால் கட்டியை அதன் மேலிருந்து சீவி எடுத்துக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஏற்கெனவே செத்த நரம்புக்குள் கட்டி நுழைந்திருந்தால் அந்தத் துண்டையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தால், கழுத்துத் தசைக்குப் போகும் இன்னொரு நரம்பை அதன் முனையோடு அதே அறுவையில் ஒட்டவைக்க முடியுமா என்று கேளுங்கள். நாண் அசையாது. ஆனால் தளர்ந்து சுருங்காமல் விறைப்பு திரும்பும், குரலில் காற்று ஓடுவது குறையும்.

வள்ளியூர் வாத்தியார் | 26 ஜனவரி, இரவு 9:00

தம்பி, அன்று தள்ளிப் போடச் சொன்னேன். என் வீட்டு வலி பேசியது. போய் நடத்திவிட்டு வாருங்கள். வலது நாண் விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்.

பொருநைக்கரை | 23 பிப்ரவரி, காலை 11:50

அக்கா சொன்ன இடங்களில் ஒன்றில் 18-ஆம் தேதி அறுவை நடந்தது. ஐந்து மணி நேரம். வலது நாண் நன்றாக அசைகிறது என்று முன்பே பார்த்து எழுதினார்கள் சார், உங்கள் பேச்சை நினைத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். நெஞ்சு ஸ்கேனில் வேறு எதுவும் இல்லை. இடது நரம்பு கட்டிக்குள் புதைந்து போயிருந்ததாம், இரண்டு சென்டிமீட்டர் அளவு எடுத்துவிட்டு வேறு நரம்பை ஒட்டியிருக்கிறார்கள். வலது நரம்பு பத்திரம்.

இரண்டாம் நாள் ராத்திரி உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது என்றார், விரல்கள் கூம்பிக்கொண்டன. இன்னொரு நரம்பும் போய்விட்டது என்று நான் வராந்தாவில் ஓடினேன். கால்சியம் குறைந்திருக்கிறது என்று மருந்து ஏற்றினார்கள், அரை மணி நேரத்தில் தெளிந்தது. தைராய்டின் முதுகில் நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்குமாம், அறுவையில் அவை அதிர்ந்துபோனால் இப்படி ஆகுமாம். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த அரை மணி நேரம் எனக்கு மிச்சமாகியிருக்கும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முக்கூடல்காரி | 2 மார்ச், இரவு 8:20

அண்ணா, மாமா நலமா? அம்மாவுக்கு டி.எஸ்.எச். 60-க்கு மேல், அது கூடினால் தைராய்டு சுரப்பு குறைவு என்று அர்த்தமாம். மாத்திரை தொடங்கி நான்கு வாரம். சுண்டுவிரல் நன்றாகத்தான் இருந்தது, அக்கா சொன்ன மாதிரியே. ராத்திரி இன்னும் எழுந்திருக்கிறார், ஆனால் ஒரு தடவைதான்.

பொருநைக்கரை | 20 ஏப்ரல், மாலை 6:00

மாமாவுக்கு அடுத்த மாதம் கதிர் அயோடின். அதற்கு முன் இரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு, கடல் மீன் கூடாது, அயோடின் கலந்த உப்பு கூடாது. ஜனவரியில் உப்பளத்து அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு வீட்டில் உப்பை மாற்றினோம், இப்போது நேரெதிராகக் கேட்கிறார்கள். ஏன் என்று மருத்துவரிடமே கேட்டேன். மிச்சமிருக்கும் தைராய்டு செல்களைப் பசியோடு வைத்தால்தான் கொடுக்கிற கதிர் அயோடினை இழுத்துக்கொள்ளுமாம். இழுத்த செல் அதிலேயே அழிந்துவிடும்.

உப்பளத்தான் | 20 ஏப்ரல், இரவு 8:10

தம்பி, அந்த இரண்டு வாரத்துக்கு எந்த உப்பு என்று மருத்துவமனையில் எழுதி வாங்குங்கள். அயோடின் கலக்காதது வேண்டும் என்றால் நான் தருகிறேன், ஒரு மூட்டை வேண்டுமானாலும். ஆனால் இரண்டு வாரம் முடிந்ததும் வீட்டுப் பானையில் மறுபடி பழைய கல் உப்பைப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு.

பொருநைக்கரை | 4 ஆகஸ்ட், காலை 8:30

நேற்று எங்கள் ஊர் ஆடிக் கொடை. யாரும் மாமாவைக் கூப்பிடவில்லை, அவராகவே வந்து மேடையில் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணாவி இடத்தில் அவர் மகன். தொடக்கப் பாட்டான காப்பு தொடங்கும்போது, வில்லில் அடிக்கும் வீசுகோலை மகன் அவரிடம் நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டு, சுருதியை இரண்டு கட்டை இறக்கச் சொல்லி, காப்பை அவரே பாடினார். பழைய குரல் இல்லை. மேலே போகிற இடத்தில் போகாமல் கீழேயே வளைத்துக்கொண்டார். ஆனால் காற்று ஓடவில்லை, ஒரு அடி ஒரே மூச்சில் முடிந்தது. அத்தை கூட்டத்தில் கடைசியில் நின்று கேட்டார்.

இது நரம்புக்குக் கெடுதல் செய்யுமா அக்கா? மருத்துவரிடம் கேட்காமல் பாடிவிட்டார்.

பாளைச் செவிலி | 4 ஆகஸ்ட், காலை 9:10

எவ்வளவு நேரம் பாடினார்? பாடிய பிறகு தொண்டை வலித்ததா? தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா? ஒட்டிய நரம்பு வேலைக்கு வரச் சில மாதம் ஆகும், இப்போதுதான் வந்துகொண்டிருக்கும். பாடுவதால் நரம்பு கெடாது. ஆனால் கத்தித் திணறிப் பாடினால் நல்ல நாண் புண்ணாகிவிடும். குரல் பயிற்சியாளர் சொல்கிற அளவை மீறாமல் இருக்கட்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டு, அரை மணி நேரம் கழித்துத்தானே காப்பி? கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி இருக்கிறதா?

பொருநைக்கரை | 4 ஆகஸ்ட், காலை 9:40

காப்பும் முதல் விருத்தமும் மட்டும்தான் அக்கா, ஏழெட்டு நிமிடம். பிறகு வீசுகோலை மகனிடம் கொடுத்துவிட்டுக் குடத்துக்குப் போய்விட்டார், விடியும்வரை குடம் அடித்தார். வலி இல்லை, புரையேறவில்லை. மாத்திரை இடைவெளி சரியாக நடக்கிறது. அடுத்த கேமரா செப்டம்பர் 9. பார்த்ததும் இங்கே எழுதுகிறேன்.